லாசரஸ் வழிதவறிய லேஅவுட்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போன வருஷம், 2008-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி ஜோதிலட்சுமியும் தாம்பரத்தில் ஒரு வேனில் ஏறிக் கூடுவாஞ்சேரிக்கு உள்ளே எங்கேயோ மனை பார்க்கப் போனோம். வேன் இலவசம். மதியச் சாப்பாடும் இலவசம்.

முள்காட்டுக்கு நடுவே ஷாமியானா போட்டிருந்தார்கள். நாங்கள் சாப்பிட்டு முடித்து வேன் ஏறும் நேரத்தில், கருவேலம் புதரை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். அரைக்கால் சட்டை, நெஞ்சில் ஊக்கு குத்திய நம்பர், முழங்காலில் ரத்தம். யாரையும் பார்க்காமல் நேராக ஜூஸ் டிரம் பக்கம் போனார். வேன் கிளம்பிவிட்டது.

நான் பார்த்தது அவ்வளவுதான். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. ஜோதிலட்சுமி இன்னமும் கேட்கிறாள்.

"வாரா வாரம் தொடர்கதைல யாரையாவது சாகடிக்கிறீங்க. அந்த மனுஷனை வீடு சேர்த்து விடக்கூடாதா?"

சேர்க்கப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: செம்பாக்கம் ஏரியின் மேல் விடியற்காலைப் பனி ஒரு வெள்ளைப் போர்வை போல

(அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கண்டக்டர்கூட யாரையும் இறக்கி விடாத இடத்துக்கு எதுக்குங்க ஓடிப் போறீங்க?" என்றாள் சாராள்.

இது நிற்கட்டும். அவர் பெயர் லாசரஸ். சாராள் அவர் மனைவி, தாம்பரத்தில் கணக்கு டீச்சர். (எனக்குக் கணக்கு வராது. ஆகவே கதையில் அவள் கணக்குப் போடமாட்டாள்.)

"ஓடத்தான் போறேன்."

"ஓடி?"

"திரும்பி வருவேன்."

"அதுக்கு வீட்லயே இருக்கலாமே."

மாரத்தான் தெரியும் உங்களுக்கு. தார் ரோட்டில் நாற்பத்திச்சொச்சம் கிலோமீட்டர். லாசரஸ் பயிற்சி எடுப்பது அதற்கும் மேலே. ஐம்பது கிலோமீட்டர், ரோடே கிடையாது. ஏரிக்கரை, முள்காடு, கல்குன்று. சில கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். மரக்கிளைகளில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். துணியைப் பார்த்துக்கொண்டே ஓடவேண்டும். வழியில் நாலைந்து இடங்களில் தண்ணீரும் வாழைப்பழமும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் வைத்திருப்பார்கள்.

லாசரஸுக்குச் சர்க்கரை. ஓடிக்கொண்டே இருந்தால் அது சட்டென்று இறங்கிவிடும். இறங்கினால் முதலில் புத்தி குழம்பும், பிறகு ஆள் சாய்வார். டாக்டர் சரி என்றார். சாராள் சொல்லவில்லை. ஆனால் அவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பைக்குள் குளுக்கோஸும் பேரீச்சம்பழமும் போட்டுக் கொடுப்பவள் அவள்தான்.

3

ஏன் ஓடுகிறார்?

இங்கே ஒரு சோகம் வைக்கலாம் என்று நினைத்தேன். இளவயதில் அவருடைய தம்பி ரயில் தண்டவாளத்தில்

(வேண்டாம். ஆறு தொடர்களில் பயன்படுத்திய தம்பி.)

லாசரஸ் கிண்டியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்தப் பதில் பொருந்துகிறது:

"காட்டுக்குள்ள போயிட்டா யாரும் என்கிட்ட எதையும் ரிப்பேர் பண்ணித் தரச் சொல்ல மாட்டாங்க, சாரா."

சனிக்கிழமை தோறும் செம்பாக்கம் ஏரிக்கரையைச் சுற்றினார். பிறகு ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே காட்டுப்பாதைகளில் ஓடினார். ஒருமுறை நாய் துரத்தியதில் அவருடைய வேகம் நன்றாகவே கூடியது. (அந்த நாய்க்கு ஒரு தனி அத்தியாயம் எழுதிக் கிழித்தேன். எனக்கு வருத்தம்தான்.)

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சாராள் கல்யாணமான பிறகு முதல்முறையாக ஆராதனைக்குப் போகாமல், கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஏரிக்கரையில் கடைசித் தண்ணீர்ப் பந்தலில் போய் நின்றாள். அவர் வந்ததும் கையில் கொடுக்க எலுமிச்சை ஜூஸ் வைத்திருந்தாள்.

4

இனி அவர் வழிதவற வேண்டும்.

புத்திசாலியான மனிதர் எப்படித் தவறுவார்? அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கூடுவாஞ்சேரியைச் சுற்றி எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் மனை போட்டிருக்கிறார்கள். மூலைக்கு மூலை குச்சி நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். சிவப்புக் கொடி.

ஒரு முள்கம்பி வேலியைக் குனிந்து தாண்டும்போது இடுப்புப் பை கம்பியில் மாட்டி அறுந்தது. (அறுத்தது நான். அது இருந்தால் கதை இல்லை.) குளுக்கோஸ், பேரீச்சம்பழம், செல்போன் எல்லாம் அதோடு போயிற்று. அவர் கவனிக்கவில்லை. ஏற்கெனவே சர்க்கரை இறங்கத் தொடங்கியிருந்தது.

மரத்தில் துணி தெரிந்தது. அடுத்து குச்சியில் கொடி தெரிந்தது. சிவப்புதானே. நேராக ஓடினார். அடுத்த கொடி வலப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினார். மறுபடி வலப்பக்கம். வழியில் ஒரு பலகை: 'முதல் குறுக்குத் தெரு'. வீடே இல்லை. 'இரண்டாம் குறுக்குத் தெரு'. ஓணான்கூட இல்லை. பிறகு 'பூங்கா' என்று ஒரு பலகை, அதன் கீழே ஒரு கள்ளிச்செடி. மறுபடி முதல் குறுக்குத் தெரு வந்தது.

ஏரிக்கரையில் சாராள் போன் போட்டாள். மணி அடித்தது. எடுப்பாரில்லை. மறுபடி போட்டாள்.

"கடைசி ஆளும் வந்துட்டாரு ஆன்ட்டி," என்றான் ஏற்பாட்டாளர் ஹேமநாத். அவன் முகம் சரியில்லை. "அங்கிள்தான்..."

சாராள் ஜூஸ் பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள். "பைக்கை எடு."

5

பத்திரிகை ஆசிரியரிடம் இதுவரை போனில் சொன்னேன். "அருமை," என்றார். "பையோட போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, அங்க ஆளைக் காணோம். இதோட போட்டுடுங்க 'தொடரும்'."

இருபது வருஷமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ பேரை மாடி விளிம்பில் ஒரு வாரம் தொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் இந்த மனிதரை நான் நேரில் பார்த்தவன். தொங்கவிட மனம் வரவில்லை.

ஆகவே, மூன்றாம் குறுக்குத் தெரு முடிவில் ஷாமியானா தெரிகிறது. லாசரஸ் அதைத் தண்ணீர்ப் பந்தல் என்றே நினைக்கிறார்.

டை கட்டிய ஏஜெண்ட் மோகன்ராஜ் ஓடி வந்தார். "வாங்க சார். நார்த் ஃபேசிங் பாக்கறீங்களா, ஈஸ்ட் ஃபேசிங்கா?"

"இது எத்தனாவது கிலோமீட்டர்?"

"ஸ்டேஷன்லேருந்து அஞ்சே நிமிஷம் சார்."

சாப்பாடு பரிமாற வந்திருந்த குப்பம்மா ஏஜெண்ட்டைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "யோவ், அவுரு மூஞ்ச பாரு, எப்டி வெளுத்துகினு கீது. இவுராண்ட போய் பிளாட்டு விக்கிற." டம்ளரில் ஜூஸை மொண்டு நீட்டினாள். "குடி சார். இன்னொண்ணு குடி. யார்னா கூட வந்துகீறாங்களா?"

"சாரா," என்றார் லாசரஸ். மூன்றாவது டம்ளருக்குப் பிறகுதான் அதுவும் வந்தது.

"யோவ் டை, மைக்க எடுத்து கூவு."

(வழி தவறிப் போனதே உயிரைக் காப்பாற்றியது என்று எழுதினால் வாசகர் நம்புவாரா? நம்பமாட்டார். ஆனால் அந்த ஜூஸ் டிரம்மை நான் பார்த்தேன். அதை நான் கற்பனை செய்யவில்லை.)

6

மனை விற்கக் கட்டிய ஸ்பீக்கர் அது. முள்காட்டைத் தாண்டி ஏரிவரை கேட்கும்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, நெஞ்சுல நம்பர் போட்ட சார் ஒருத்தர் நம்ம சைட்ல பத்திரமா உக்காந்திருக்காரு. சாரான்னு யாராவது இருந்தா வந்து கூட்டிட்டுப் போகவும். கார்னர் பிளாட் இன்னும் ரெண்டுதான் பாக்கி."

பைக் நிற்பதற்குள் சாராள் குதித்தாள். அவர் பக்கத்தில் போய், கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து அவர் விரலில் குத்தினாள். எண் வந்தது. அதைப் பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள். "ஸ்தோத்திரம்," என்று வாய்க்குள் சொன்னாள்.

பிறகு சுற்றிலும் பார்த்தாள். "மனை வாங்கப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"கொடி கட்டியிருந்தாங்க, சாரா."

"பாத்து என்ன செஞ்சீங்க? எத்தனை தெரு சுத்தினீங்க?"

"எல்லாத் தெருவும். பூங்கா இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். குப்பம்மா ஒரு தட்டில் எலுமிச்சை சாதமும் கேசரியும் வைத்து அவள் மடியில் வைத்தாள். "துன்னு அக்கா. காத்தாலேருந்து ஒண்ணும் துன்னுருக்க மாட்ட."

ஹேமநாத் மெல்லக் குனிந்தான். "அங்கிள், வழி தப்பின எடத்துல கொண்டுபோய் விடறேன். கொஞ்ச தூரந்தான் பாக்கி. டைம் இருக்கு."

"அடுத்த வேனும் ரெடியா இருக்கு சார், தாம்பரம் வரைக்கும்," என்றார் மோகன்ராஜ்.

லாசரஸ் சாராளைப் பார்த்தார். அவள் வாய் நிறையச் சாப்பாடு.

7

ஜோதிலட்சுமி இதுவரை படித்துவிட்டு, "அப்பாடா," என்றாள். பிறகு, "ஓடினாரா, இல்லையா?"

எனக்குத் தெரியாது. அவரை எழுப்பி ஓடவிட என்னால் முடியும். கடைசிக் கோட்டில் கைதட்டலும் எழுதிவிடலாம். வேனில் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைக்கவும் முடியும். எது வேண்டுமோ நீங்களே செய்துகொள்ளுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் சாராள் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். முதலில் சாப்பிட்டு முடிக்கட்டும்.