தண்ணீருக்கும் நோய் வந்த நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிதான் காதில் விழுந்தது. மீதி என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ரத்தத்தில் மிகச் சொற்பமாக..." வேண்டாம், பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இரண்டாவது: ஆய்வுக்கூடத்தில் ஒரு தங்கை வேலை பார்த்தாள். அந்தச் சொற்பத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கொண்டை ஊசி மாதிரி மடங்கிய டி.என்.ஏ. இழைகளைச் சோதனைக்குழாயில் விடுவாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்கு வந்து ஓர் இழையை அவிழ்த்தால், அது அடுத்ததை அவிழ்க்கும், அது இன்னொன்றை. கடைசியில் குழாயே பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால் நோய் இருக்கலாம். ('லாம்' முக்கியம். அன்று அவளே அதை மறந்துவிட்டாள்.)

3

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் ரத்தம் தேவைப்பட்டது. அக்காவிடம் கெஞ்சி வாங்கினாள். நாலு மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிற அக்கா.

குழாய் பளீரென்று ஒளிர்ந்தது. தங்கை உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அக்கா ரத்தத்துல என்னமோ தெரியுது."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

அம்மா சித்தியிடம் மட்டும் சொன்னாள். சித்தி நாலு பேரிடம் மட்டும். மத்தியானத்துக்குள் அக்காவின் ரத்தம் பச்சையாகிவிட்டதாகப் பெரியப்பாவுக்குத் தகவல் போயிருந்தது. தாய்மாமா சிறுநீரகம் கொடுக்கத் தயாராக, வெறும் வயிற்றோடு வந்து இறங்கினார். (யாரும் கேட்கவில்லை.)

[இங்கே, "சோதனைக்குழாயில் நடந்ததேதான் குடும்பத்திலும்..." என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். உங்களுக்கே தெரியும்.]

4

அதற்குள் தங்கை, ரத்தமே விடாமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட குழாயைப் பார்த்தாள். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். அதுவும் பளீர்! தண்ணீருக்கு ஏது நோய்? எதுவும் தொடாமலே இழைகள் தாமாக அவிழ்ந்திருந்தன.

அக்கா வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் உட்கார இடமில்லை. அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"அக்கா, வெறும் தண்ணி விட்ட குழாயும் ஒளிருதுக்கா! உனக்கு ஒண்ணுமில்ல. தப்பு என்மேல."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத."

"ஏன்க்கா?"

"அங்க பாரு. உங்க அத்தான் பாத்திரம் கழுவுறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம்டி."

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை.

அப்போது அம்மா சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன.

"என்னடி சொல்றா உங்கக்கா?"

5

முடிவு ஒன்று: தங்கை உண்மையைச் சொல்கிறாள். அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அம்மா இன்னும் மூன்று நாள்...

இரண்டையும் எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. நீங்கள் அந்தத் தங்கையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம். அம்மா நின்றுகொண்டிருக்கிறாள்.