கதவு திறந்தது என்று எழுத மாட்டேன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. லேபிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் அப்பா கோவிந்தராஜனிடம் அன்று காலை எடுத்த ரத்தம் 'டேமேஜ்' ஆகிவிட்டதாம். மறுபடி எடுக்க வேறு ஆள் வருவாராம். மௌரீன் ஏன் வரமாட்டார் என்று கேட்டேன். "அவங்களுக்குச் சின்ன ஆக்சிடென்ட், மேடம்" என்றாள்.

மௌரீன் விவேக் நகர்க்காரர். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவர் வேலை. தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குச் சில வருடங்களாக வருகிறார், சைக்கிளில். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாமல் இல்லை; சைக்கிள் பிடிக்கும், அவ்வளவுதான். எங்கள் தெருவின் மேட்டை இறங்காமலே மிதித்து ஏறிவிட்டதை ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் பெருமையாகச் சொல்வார்.

அவருடைய காறை எலும்பு உடைந்திருந்தது. தாடையில் தையல். அந்தப் பெண் சொன்ன 'சின்ன' என்ற சொல்லில் தொடங்கிய கோபம்தான் இந்தக் கதை. வேறு உன்னத நோக்கம் எதுவும் கிடையாது.

2

தொடக்கங்கள்:

தொம்மலூர் மேம்பாலத்தின் கீழ் வண்டிகள் உறைந்து நின்ற அந்தக் காலையில், சாலையோரக் குல்மோகர் மரம் தன் சிவப்புப் பூக்களை

வேண்டாம். ரத்தம் சிந்தப்போகும் இடத்தில் முன்கூட்டியே சிவப்புப் பூ தூவுகிற வேலை எனக்கு வேண்டாம்.

மௌரீனுக்கு அன்று காலையிலிருந்தே மனசு என்னவோ

பொய். மனசு நன்றாகவே இருந்தது. கடைசியாக ரத்தம் கொடுத்தவர் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

திடீரென்று ஒரு காரின் கதவு திறந்தது.

மூன்றில் இதுதான் படுமோசம். வாக்கியமாக ஒரு குறையும் இல்லை, அதனால்தான். தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது: கதவு திறந்தது, எலும்பு உடைந்தது, விபத்து நடந்தது. செய்தவர் வாக்கியத்திலிருந்து இறங்கி ஆபீசுக்குப் போய்விடலாம். நான் செய்தவரையே எழுவாயாக வைத்து எழுதப்போகிறேன்.

3

வாடகைக் கார் ஒன்று இரண்டாவது வரிசையில் நின்றிருந்தது. ஓட்டியவர் நரேஷ், ஓசூர்ப் பக்கத்துப் பையன். பின் இருக்கையில் ரித்விக், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் மேனேஜர். ஆபீஸ் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது, கார் நகரவில்லை. இடது வரிசையில் கொஞ்சம் பின்னால் ஒரு பஸ் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்த பஸ்ஸுக்கு முன்னால், காரை ஒட்டியிருந்த இடைவெளியில், மௌரீன் மெதுவாக மிதித்து வந்தார்.

ரித்விக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இடது கதவைத் திறந்தார்.

கதவின் விளிம்பு ஹேண்டில்பாரையும் மௌரீனின் வலது தோளையும் அடித்தது. அவர் இடது பக்கம் தூக்கி எறியப்பட்டார். சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த ஐஸ் பெட்டி கட்டு அறுந்து உருண்டது. பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் பெட்டியின்மேல் ஏறி நின்றது. மௌரீனின் தலை அந்தப் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

பெட்டிக்குள் அன்று காலை அவர் எடுத்த ரத்தம் முழுக்க இருந்தது, என் அப்பாவுடையதும் சேர்த்து. நசுங்கிய பெட்டியிலிருந்து அது தார்ச்சாலையில் வழிந்தது. கூடியவர்கள் மௌரீனின் ரத்தம் என்று நினைத்துப் பதறினார்கள். எழ முடியாமல் கிடந்தபடியே அவர் சொன்னார்: "அது என்னுது இல்ல. யாரும் கையால தொடாதீங்க."

ரித்விக் பின்னால் நகர்ந்து தன் ஷூவைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த ரத்தத்தில் தொற்று எதுவும் இருக்குமா என்பது.*

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் நரேஷ். ரித்விக்குக்கு மீட்டிங் இருந்தது. நடந்து போனார்.

* கோபத்தில் நானே இட்டுக்கட்டிய வரியோ என்று எனக்கே சந்தேகம். நரேஷிடம் திரும்பக் கேட்டேன். "சத்தியமா கேட்டாரு, அக்கா" என்றார்.

4

ரித்விக்கை அயோக்கியராக்கிப் பார்த்தேன். ஒரு வரைவில் அவருக்கு ஏளனச் சிரிப்பு கொடுத்தேன். இன்னொன்றில் கதவில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்தார். இரண்டையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் நிஜ ரித்விக் மறுநாள் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். மெல்லிய குரலில், மரியாதையாகப் பேசினார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். கதவைத் திறந்ததைத் தவிர தான் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னார்.

என் கோபத்துக்கு இது பெரிய இடைஞ்சல். கெட்டவன் செய்திருந்தால் கெட்டவன் என்று எழுதிவிட்டுத் தூங்கலாம். நல்லவர் திரும்பிப் பார்க்காமல் திறந்திருக்கிறார். ஓர் உயிர் போகாமல் தப்பியதற்கும் அவருடைய நல்ல குணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மௌரீன் அவரிடம் ஒன்றுதான் கேட்டார், பின்னால் பார்த்தீர்களா என்று. வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள் என்றார் அவர். மௌரீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாதுளையை நான் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தேன்.

5

கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிக்கொண்டு மௌரீன் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நான் கூடப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "கேப்பல்லி யாக்கம்மா பந்த்ரி?" இடைவெளியில் ஏனம்மா வந்தீர்கள்.

மௌரீன் கன்னடத்தில் பதில் சொன்னார். வெளியே வந்தபிறகும் ஆறாமல் அதையே என்னிடம் தமிழில் சொன்னார்:

"நடுவுல போனா ஹாரன் அடிக்கிறாங்க. ஓரமா போனா பார்க்கிங். பிளாட்பாரத்து மேல பைக் வருது. எனக்குன்னு உட்டது அந்த கேப் மட்டும்தான் வைஷ்ணவி. அதுலயும் கதவ தொறப்பாங்க, அப்புறம் ஏன் வந்தேன்னு என்னையே கேப்பாங்க."

அவர்கள் எழுதி வைத்திருந்த புகாரில், நின்றிருந்த வாகனத்தில் மௌரீன் மோதி விழுந்ததாக இருந்தது. மௌரீன் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் வண்டியைப் பிடித்து வைத்து டிரைவர்மேல் வழக்குப் போட வேண்டும், வேறு வழி இல்லை என்றார் சப்-இன்ஸ்பெக்டர். வாசலில் நரேஷ் காத்திருந்தார். கார் நின்றால் தன் பிழைப்பும் நின்றுவிடும் என்று மௌரீனிடம் கெஞ்சினார். மௌரீன் அவரைத் திட்டவில்லை, உறுதியும் கொடுக்கவில்லை. கதவைத் திறந்தது யாரென்று எழுதினால் மட்டும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

6

முடிவுகள்:

(அ) நரேஷின் கண்ணீரைப் பார்த்து மனம் இரங்கி, மௌரீன் புகாரைக் கிழித்துப் போடுகிறார். [ஏழை ஏழையை மன்னிக்க, பணக்காரர் வீட்டுக்குப் போகிற முடிவு. எழுதியதும் எனக்கே அது பிடித்துப்போனது. அதனாலேயே நீக்கினேன்.]

(ஆ) நீதிபதி ரித்விக்கை

[இந்த வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கு எனக்குக் கற்பனை இல்லை.]

(இ) நடந்தது. கடைசியில் ரித்விக்கை வரவழைத்தார்கள். ஒரு வக்கீலும் வந்தார். அங்கே இறங்கச் சொன்னதே டிரைவர்தான் என்றார் ரித்விக்.

அதுவரை தரையைப் பார்த்து நின்ற நரேஷ் நிமிர்ந்தார். "நானா சார் சொன்னேன்? ரெண்டு நிமிஷம் இருங்க, ஓரங்கட்டி எறக்கி உடறேன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

வண்டி உள்ளே போகுமே என்று சப்-இன்ஸ்பெக்டர் அவருக்கு நினைவூட்டினார். போனால் போகட்டும் சார், எழுதுங்கள் என்றார் நரேஷ்.

புதிதாக எழுதினார்கள். ரித்விக் படித்துப் பார்த்துவிட்டு, 'திறந்தார்' என்பதைக் 'கதவு திறந்துகொண்டது' என்று மாற்ற முடியுமா என்று கேட்டார். கன்னடத்திலும் அந்த வசதி இருக்கிறது.

"அவரு தொறந்தாரு. அதையே எழுதுங்க" என்றார் மௌரீன். இடது கையால், கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

வழக்கு இன்னும் கோர்ட்டுக்கு வரவில்லை. நரேஷ் இப்போது வேறொருவர் காரை ஓட்டுகிறார். மௌரீனின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. லேபில் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். சைக்கிள் சாட்சிப் பொருள் என்பதால் ஸ்டேஷன் வளாகத்தில், உடைந்த ஆட்டோக்களுக்கு நடுவே துருப்பிடிக்கிறது. மாதாமாதம் போய்க் கேட்கிறார். கேஸ் முடியட்டும் என்கிறார்கள்.

7

நான் எழுதுவது எப்படியோ தெரிந்து ரித்விக் போன வாரம் கூப்பிட்டார். தயவுசெய்து என் பெயரை மாற்றிவிடுங்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்றார். மாற்றிவிட்டேன். அவர் பெயர் ரித்விக் இல்லை. மௌரீனிடமும் கேட்டேன். "என் பேர மாத்தாதீங்க. அடிபட்டது நான்தான்" என்றார்.

ஆக, எழுவாயோடு எழுதுவேன் என்று வீராப்பாகத் தொடங்கிய கதையில் கடைசியில் அந்த இடம் காலியாக நிற்கிறது. அதில் பொய்ப்பெயரை வைத்து முடிக்க எனக்கு மனம் இல்லை. நீங்கள் கடைசியாக ஒரு காரிலிருந்து இறங்கியபோது திரும்பிப் பார்த்தீர்களா? நினைவில்லை என்றால், பேனாவை எடுத்து நீங்களே நிரப்புங்கள்:

____________ கதவைத் திறந்தார்.