நுனி கடிக்கும் மாமா

"எட்டாவதோட நின்னவளுக்குச் செடியப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று மாமா ஒருநாள் என்னைக் கேட்டார். ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. ஆளே இல்லாவிட்டாலும் அவருக்கு வாய் ஓயாது. அம்மாவும் நானும் மட்டும் இருக்கும்போது அவருக்குப் பெயர் ரேடியோ.

வீடு அவர் பெயரில். கீழே அவர், மேலே நாங்கள். மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாக்களில் என் மிளகாய்ச் செடிகள் பதினாறு. வெயிலில் பூ உதிராமலிருக்கப் பழைய புடவையால் நிழல் கட்டியது நான். இலை சுருண்டபோது ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் ஒட்டிய பூச்சியைத் துடைத்தெடுத்தது நான். மாமா செய்ததெல்லாம், மாடிக்கு வரும்போது ஒரு மிளகாயைப் பறித்து, நுனியை எலி மாதிரி கொறித்து, "காரமே இல்ல" என்று தீர்ப்புச் சொல்வதுதான். காரம் காம்புப் பக்கம், விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. நுனி வெறும் தோல். இதுகூடத் தெரியாமல் நாற்பத்தைந்து வயது வரை எப்படித்தான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தாரோ.

நேற்றுக் காலை கொத்தனாரோடு மேலே வந்தார். மாடியில் அறை கட்டப் போகிறாராம்.

"இந்தக் குப்பையெல்லாம் இன்னிக்கே எடுத்துடணும்."

அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தம்பி, கடையில மிளகாய் வாங்கி ஒரு வருஷம் ஆச்சுடா. பாதி போட்டாலே சட்டி முழுக்க எரியுது."

"எரியுதா? உனக்கு இன்னும் பால்குடி நாக்குதான், அக்கா!" கொத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "மேஸ்திரி, இதுல காரம்னு ஒண்ணு இருந்துட்டா ரூமே வேணாம். செடியே இருக்கட்டும். போதுமா?"

வழக்கம்போல் நுனியைக் கடித்தார். "வெள்ளரிக்காய்!"

நான் நன்றாகப் பழுத்த ஒன்றைப் பறித்தேன். நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை நீட்டினேன்.

"அட, ஊமை பரிமாறுது பாருங்க!" என்று சிரித்தபடி முழுசாக மென்றார். சிரிப்பு பாதியில் நின்றது. "ம்... சுமார்தான்."

இன்னொன்றை நீட்டினேன். கொத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாமென்று சொல்ல மாமாவுக்கு வீரம் போதவில்லை. அதையும் மென்றார்.

காது சிவந்தது. மூக்கு ஒழுகியது. வழிந்த கண்ணை அதே விரலால் துடைத்தார், மகா புத்திசாலி. அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். வாங்கினால் தோற்றதாகிவிடுமே, கையால் தள்ளிவிட்டார்.

கொத்தனார் டேப்பைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "சார், அளவெடுக்கவா வேணாமா? சொன்னது சொன்னதுதானே?"

மாமா வாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கிப் போனார்.