இரண்டு ஆள் உயரக் குளிர்

நகரப் பூங்காவின் பெரிய கண்ணாடிக் கூடத்தை வடிவமைத்தவன் நான். வெயில் கொளுத்தும் ஊரில் குளிர்மலைச் செடிகளை வளர்க்கும் கூடம் அது. அங்கே தலைமைத் தோட்டக்காரி என் அக்கா.

கூடம் முழுவதையும் குளிர்வித்தால் மின்சாரம் தண்ணீராய்ச் செலவாகும். அதனால் தரைக்கடியில் குளிர்நீர்க் குழாய்களைப் பதித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு மட்டும் குளிர் தேங்கி நிற்கும்படி செய்தேன். அதற்கு மேலே தேங்கும் சூடு கூரைச் சன்னல்கள் வழியே தானாக வெளியேறும். மின்சாரத்தில் பாதி மிச்சம். எல்லோரும் மெச்சினார்கள், நானும் தலைகால் புரியாமல் ஆடினேன்.

ஏழாம் வருடம் அக்கா அவசரமாகக் கூப்பிட்டாள். "ஏணியில ஏறிப் பாருடா."

கூடத்தில் மரம்போல் நெடுக வளரும் பெரணிகள் பதினொன்று. அவற்றில் மிக உயரமானதன் பக்கத்தில் ஏணி நின்றது. ஏறினேன். நெஞ்சு வரை குளிர், முகத்தில் அனல். சுருண்டிருந்த இளங்குருத்துகள் எல்லாம் கருகியிருந்தன. வரைபடத்தில் ஒவ்வொரு செடிக்கும் நட்ட நாளின் உயரத்தைப் போட்டவன் நான்தான்.

"செடி வளரும்னு உன் படிப்புல சொல்லித் தரலையா?" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

"தலையை வெட்டிவிட்டா?"

"இந்த வகை திரும்பத் துளிர்க்காது."

"பள்ளம் தோண்டிக் கீழ இறக்கலாமே?"

"கீழ உன் குழாய்தானே ஓடுது? அதை மாத்தினாலும் இது பிழைக்காது. குருத்தே போயிடுச்சு. மத்த பத்தும் இதே உயரத்துக்குத்தான் வந்துட்டிருக்கு."

"இப்பதான் கருக ஆரம்பிச்சுதா?"

அக்கா கையுறையைக் கழற்றினாள். "போன வருஷமே நுனி சுருங்கிச்சு. சொல்லணும்னுதான் உன் விருது விழாவுக்கு வந்தேன். மேடையில நின்னு என்னைத் தேடிக் கை காட்டினே. வாய் வரலைடா. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்னு நினைச்சுட்டேன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் தடுக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கூடத்தை மூன்று மாதம் மூட வேண்டும். தரையை உடைத்து, குழாய்களை ஓரத்துக்கு மாற்றி, மற்ற பத்துப் பெரணிகளையும் ஓர் ஆள் ஆழத்தில் இறக்கி நட வேண்டும். முடிவில், பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அக்கா வாங்கிப் படித்தாள். 'என்னுடையது' என்பதை அடித்துவிட்டு, 'எங்களுடையது' என்று எழுதி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.