எந்த எண்ணெயாக இருந்தால் என்ன

அந்த வீட்டில் எண்ணெய் என்று வாயைத் திறந்தாலே சண்டைதான். அப்பா நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய அன்றே அம்மா எண்ணெய்த் தூக்கை அப்படியே கொண்டுபோய் மாடிவீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டாள். வாணலியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றினாள். அதற்குப் பிறகு எதைத் தாளித்தாலும் ஒரு தேக்கரண்டிதான். அந்தக் கரண்டியும் வழிய வழிய இருக்கக் கூடாது.

அப்பா தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கட்டிலில் படுத்த பிறகும் ஸ்க்ரூ டிரைவர்கள் போட்ட டப்பா தலைமாட்டிலேயே இருந்தது.

"மெஷினுக்குக்கூட அப்பப்போ நாலு சொட்டு விட்டாத்தான் ஓடும். உங்கம்மா என்னைக் காய விட்டே ஓட்டப் பாக்கிறா" என்பார்.

"மெஷின் நின்னா வேற வாங்கலாம்" என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்தே.

இருவருக்கும் நடுவில் மகள் உட்கார்ந்து சிரிப்பாள். அவள் அதிகம் பேச மாட்டாள். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அம்மா வேலைக்குப் போயாக வேண்டும், அப்பாவைத் தனியாக விட முடியாது என்று ஆனபோது பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்கும் அவள் ஒன்றும் பேசவில்லை.

அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். துணி கொடுக்க வருகிற எல்லாரும் அவளுக்கு டாக்டர்கள். ஒரு டீச்சர் சூரியகாந்தி எண்ணெய்தான் நல்லது என்றார். பாங்க்காரர் ஒருவர் அதெல்லாம் சுத்தப் பொய், நல்லெண்ணெயை மாற்றாதீர்கள் என்றார். தேங்காய் எண்ணெய் விஷம் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள், அடுத்த வாரமே இன்னொருத்தி அதுதான் மருந்து என்றாள். அம்மா யார் சொன்னதையும் தட்டவில்லை. சின்னச் சின்ன பாட்டிலாக வாங்கி வருவாள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்ணுக்குப் பொடி எழுத்து தெரியாது.

"படிடி, என்ன போட்டிருக்கு?"

ஊமைக்கோட்டான் படிப்பாள். கொழுப்பு இத்தனை, கெட்ட கொழுப்பு இல்லை, இதயத்துக்கு உகந்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியாக வந்தது தவிட்டு எண்ணெய். அந்த பாட்டிலில் ஒருவன் வேர்க்க வேர்க்க ஓடிக்கொண்டிருந்தான்.

"இவன் ஓடுறான், நான் படுத்திருக்கேன். என் எண்ணெயையும் சேத்து இவனே குடிக்கிறான்போல" என்றார் அப்பா.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தடிமனாக நறுக்கிய உருளைக்கிழங்கு, கடலை எண்ணெயில் முக்கிப் பொரித்து, ஓரம் சிவந்து, மேலே உப்பும் மிளகாய்த்தூளும். கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்.

அன்று மாதாந்தரப் பரிசோதனை. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா நடைவழியில் சக்கர நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மகள் மட்டும் ரிப்போர்ட்களோடு உள்ளே போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"பெரியவங்க யாரும் வரலியாம்மா?"

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

"சரி. மாத்திரை அப்படியே இருக்கட்டும். இனிமே அவரை ரொம்பப் படுத்தாதீங்க. வாய்க்குப் பிடிச்சதைக் குடுங்க."

அவளுக்குப் புரியவில்லை. அம்மா சொல்லி அனுப்பியதைக் கேட்டாக வேண்டுமே என்று கேட்டாள். "தவிட்டு எண்ணெயே நல்லதா, இல்ல மாத்தணுமான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "எந்த எண்ணெயா இருந்தா என்னம்மா" என்றார், மெதுவாக.

அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்து நாற்காலியைத் தள்ளினாள். கை தன் பாட்டுக்குத் தள்ளியது.

அப்பாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே ஓட்டக்காரன் பாட்டிலை எட்டி எடுத்தார்.

"அது வேணாம். பொரிக்கிறதுக்கு எது நல்லது?"

"பொரிக்கிறதுக்கா? உங்க வீட்டுலயா?" கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ கடலை எண்ணெய்தான். சூடு தாங்கும், சட்டுனு புகையாது. நல்லாக் காய விட்டுப் போடு. காயாம போட்டா கிழங்கு எண்ணெயைக் குடிச்சு சொதசொதன்னு ஆயிரும். அப்பா தேறிட்டார்போல?"

அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டக்காரன் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, கடலை எண்ணெயை அதில் நிரப்பினாள். வாணலியைப் பரணிலிருந்து இறக்கினாள். உருளைக்கிழங்கை நறுக்கி ஈரம் போகத் துணியில் ஒற்றி எடுத்தாள். முதல் துண்டு விழுந்ததும் எண்ணெய் சடசடவென்று பேசத் தொடங்கியது. எத்தனை நாளாகிவிட்டது, அந்த வீட்டு அடுப்படியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து.

"என்னடி அது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

தட்டையும் பாட்டிலையும் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தாள். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "கொஞ்சம் தேறியிருக்காம்ப்பா. இந்த எண்ணெயில பொரிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னார்."

அவள் அத்தனை சொற்களை ஒரே மூச்சில் பேசி அவர் பார்த்ததில்லை.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணை மூடினார். பிறகு, காலமெல்லாம் மெஷின் எண்ணெயைச் சோதித்த பழக்கத்தில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

அவள் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து தட்டு முழுவதும் தாராளமாகத் தூவினாள். தூவி முடித்த பிறகுதான் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் எண்ணெயையாவது கெஞ்சிக் கேட்கலாம். உப்பை வாய் திறந்து கேட்கவே முடியாது. கேட்டால் அம்மாவுக்கு முன்னால் மகளே மல்லுக்கு நிற்பாள்.

அப்பா அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போ சரியா இருக்கு" என்று சொல்லி இன்னொரு துண்டை எடுத்தார். அதை வாயில் போடவில்லை. விரலிலேயே வைத்திருந்தார்.

அம்மாவுக்குத் தெருமுனையிலேயே வாசனை தெரிந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். வாணலி, கிண்ணம், தட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து மோந்தாள்.

"அடிப்பாவி!"

மகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ரெண்டு வருஷமா சொட்டுச் சொட்டா நான் சேத்து வச்ச உசிருடி. ஒரே வாணலியில ஊத்திட்டியே! யாரைக் கேட்டுடி பண்ணினே? உனக்கு அப்பன் வேணுமா வேணாமா?"

"அவளை ஏன் திட்டுறே? நான்தான் கேட்டேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா" என்றார் அப்பா.

"நீங்க கேப்பீங்க. சின்னப்புள்ளை நீங்க! டாக்டர் என்னடி சொன்னார்? அதைச் சொல்லு முதல்ல."

மகள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தில் வேர்வை வழிந்தது. முன்கையில் புதிதாக ஓர் இஸ்திரிப்பெட்டிச் சூடு சிவந்திருந்தது.

"என்னத்தைச் சொல்வார்?" என்றார் அப்பா. "எப்பவும் சொல்றதுதான். எண்ணெயைக் குறைக்கணும்னார். உப்பைத் தொடவே கூடாதுன்னார். நீ பாத்துக்கிறதுல ஒரு குறையும் இல்லையாம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாத்தியா" என்றாள் மகளிடம். குரல் இறங்கிவிட்டது. "பாத்தியா, டாக்டரே சொல்றார்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் விரலில் இருந்த துண்டைத் தட்டில் வைத்து, தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா அதையும், வாணலியில் ஆறிக்கொண்டிருந்த எண்ணெயையும், பாட்டிலில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேலே அத்தை கதவைத் திறக்கும் சத்தமும், "நல்ல எண்ணெயாச்சே!" என்ற குரலும் கேட்டன.

"அப்பா" என்றாள் மகள்.

"கோட்டான் கோட்டானாவே இருக்கணும்" என்றார். தலைமாட்டில் இருந்த துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அவளாவது கொஞ்ச நாள் தூங்கட்டும்."

அம்மா இறங்கி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். வாணலியைத் தேய்த்துப் பரணில் ஏற்றினாள். கைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். ஆலிவ் எண்ணெய். வெளிநாட்டில் மகன் இருக்கும் ஒரு கஸ்டமர், இதைவிட நல்லது உலகத்திலேயே கிடையாது என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அவித்த கிழங்கின்மேல் ஒரு தேக்கரண்டி விட்டு அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இதையே வச்சுக்கலாம்."

அம்மா பாட்டிலை மகளின் கையில் திணித்தாள். "படிடி, என்ன போட்டிருக்கு?"

மகள் பாட்டிலைச் சிம்னி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். கெட்ட கொழுப்பு இல்லை. இதயத்துக்கு உகந்தது. தினமும் பயன்படுத்தினால் நீண்ட ஆயுள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் படி" என்றாள்.