நூறு காட்டும் பெட்டி

எண்பது வந்தது, நின்றது. மாடிப்படிக்குக் கீழே, தண்ணி மோட்டாருக்குப் பக்கத்தில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற அந்த அறையில் தேவதர்ஷினி குந்தியிருக்க, வாசலை அடைத்துக்கொண்டு அடுக்ககத்தின் கமிட்டி மொத்தமும் பேட்டரியின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிரசவ அறை வாசலில்கூட இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. எண்பது, எண்பதாகவே இருந்தது.

“பாத்தியாம்மா? ஏறமாட்டேங்கறது,” என்றார் செயலாளர் சௌம்யநாராயணன். குரலில் வருத்தத்தைவிட, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்திதான் அதிகம் இருந்தது.

“ஏறாது சார். நான்தான் எண்பதுல நிறுத்தி வச்சிருக்கேன்.”

“நீயா?”

வாசலில் சலசலப்பு. யாரோ “நான் ஆசீர்னு நெனச்சேன்” என்றார்கள். தரைத்தளத்தில் குடியிருக்கும் ஆசீர் என்கிற வங்கி ஊழியர், பாவம், தன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை இந்த அறைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர். மூன்று மாதமாக அந்த மிச்ச இருபது சதவீதத்தை அவருடைய ஸ்கூட்டர்தான் குடிக்கிறது என்று ஐந்து மாடியும் நம்பிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்காரர் அவருக்கு வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் அந்தக் கட்டடம். கரண்ட் போனாலும் லிஃப்ட் ஓட வேண்டும் என்று பழைய பேட்டரிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு லித்தியம் வாங்கினார்கள். வாங்கியது தென்னூரில் நஸ்ருல்லா பாய் கடையில். பொருத்தியது தேவதர்ஷினி. காற்றோட்டமில்லாத அறை, திருச்சி வெயில். நூறு வரை ஏற்றி அப்படியே மாதக்கணக்கில் வைத்தால் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டிவிடும். எண்பதில் நிறுத்தினால் கூடுதலாக நாலைந்து வருஷம் உழைக்கும். லிஃப்ட்டுக்கு எண்பதே தாராளம். கம்பெனி புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. இதையெல்லாம் அவள் விளக்கிச் சொன்னாள். சொன்ன விதம்தான் விளக்கம் மாதிரி இல்லை, வாய்க்கால் தகராறு மாதிரி இருந்தது.

“நீங்க கழுத்து வரைக்கும் சாப்பிட்டுட்டு வெயில்ல நாள் பூரா ஒக்காருவீங்களா சார்? அதான் இதுவும்.”

“எங்காத்துல பாதி எலைல யாரையும் எழுப்பி விடறது வழக்கமில்லேம்மா.”

சௌம்யநாராயணன் ரயில்வேயில் முப்பத்துமூன்று வருஷம் பெட்டி விளக்குகளுக்கான பேட்டரிகளோடு குடித்தனம் நடத்தியவர். பழைய பேட்டரிகளின் குணம் வேறு. அவற்றைக் குறையாக விட்டால் கெட்டுப்போகும், நிறைய வைத்தால்தான் நிற்கும். அந்த உண்மையை அவர் வேதம்போல இதற்கும் ஓதினார். ஆசிட் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மூன்று மாதமாக இந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். விடுவதற்கு ஒரு ஓட்டை கிடைக்கவில்லை. டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றும் வாங்கி மூலையில் வைத்திருந்தார். மூடியில்லாத பேட்டரியை அவர் ஓர் அவமரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நூறு காட்டணும். இல்லேன்னா உங்க கடைக்கு லெட்டர் எழுதறதா கமிட்டில தீர்மானம் போட்டாச்சு.”

அந்த லெட்டர் ஒன்றுக்குத்தான் தேவதர்ஷினி பயந்தாள். ஏற்கெனவே அவள் பேரில் இரண்டு புகார் இருந்தன. தென்னூரிலேயே ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் மேல் ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். “துணி காயணுமா, வீடு எரியணுமா, ஒண்ணச் சொல்லுங்க” என்று கேட்டாள். இன்னொருவர் டாக்டர். எந்த வயரை எங்கே சொருக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும், “நான் வந்து உங்க ஊசியப் புடிக்கிறனா?” என்றாள். இரண்டும் உண்மை. இரண்டும் புகார் ஆயின. நஸ்ருல்லா பாய் நல்ல மனுஷர்; அவரே கூப்பிட்டு, “இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா கவுண்ட்டர்ல உக்காந்துடும்மா. ஏசி இருக்கு. பொம்பளப் புள்ளைக்கு அதான் வசதி” என்று சொல்லியிருந்தார். கவுண்ட்டரில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும் ஒரு பிள்ளையார் காலண்டரும் இருந்தன. மூன்றாவதாகத் தானும் போய் உட்கார்வதற்கா வையம்பட்டியிலிருந்து நாலு வருஷம் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே எலெக்ட்ரிக்கல் படித்தாள்? அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர்கள் யாருமில்லை. அப்பா மருதை அவளுடைய டூல் பேக்கைத் தோளில் மாட்டிப் பார்த்து, “இம்புட்டுக் கனமா!” என்று சிரித்த சிரிப்பை இனி கால்குலேட்டரைக் காட்டி வரவழைக்க முடியாது.

நூறு என்று மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை. ஆனால் மாற்றியது யார் என்று கம்பெனிக் கணினியில் அவள் பேர் பதியும். நாலு வருஷம் கழித்துப் பெட்டி உப்பினால் முதலில் அவள் பேர்தான் வெளியே வரும். அதைவிட, தப்பென்று தெரிந்த ஒன்றைக் கூட்டம் சேர்ந்து நிற்கிறது என்பதற்காகச் செய்வதா? அந்த நினைப்பே அவளுக்கு மிளகாயைக் கடித்தது மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை தனியாக வந்தாள். பெட்டியின் செட்டிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலையில் அது கிடந்தது: ஏற்றும் அளவு எதுவோ, அதையே திரையில் நூறாகக் காட்டும் வசதி. உள்ளே எண்பது, வெளியே நூறு. கடைக்குப் போன் போட்டாள்.

“பாய், இது ஏமாத்து வேலை இல்லையா?”

“கம்பெனி புத்தகத்துல இருக்காம்மா?”

“இருக்கு.”

“அப்பறம் என்ன? புத்தகத்துல இருந்தா அது பொய் இல்ல, செட்டிங்.”

பொய்க்கு இப்படியொரு பெயர் இருப்பதை நாலு வருஷத்தில் எந்தப் பேராசிரியரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். எண்பது மறைந்து நூறு வந்தது. தூ, என்றாள் திரையைப் பார்த்து.

பத்து நாள் எந்தச் சத்தமும் இல்லை. பதினோராம் நாள் காலை செயலாளரிடமிருந்து போன்: “உடனே புறப்பட்டு வா.” கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தாள். ரயில்வே மூளை, சும்மாவா? காவிரிப் பாலத்தைக் கடக்கும்வரை வண்டியில் உட்கார்ந்து தன் பக்க நியாயத்தைச் சத்தம்போட்டே ஒத்திகை பார்த்தாள். பக்கத்தில் பைக்கில் வந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்று அந்தப் பகுதியில் மாதாந்திர மின்தடை. லிஃப்ட் வாசலில் கமிட்டி முழுவதும் நின்றது, முகமெல்லாம் பல்லாக. திரையில் தொண்ணூற்றேழு.

“என்ன வித்தியாசங்கறே!” என்றார் சௌம்யநாராயணன். “முன்னெல்லாம் ஒரு இழுவை இழுத்துண்டு போகும். இப்போ வெண்ணெய்ல கத்தி எறங்கறாப்ல போறது. நான் மொத நாளே சொன்னேன், ஃபுல் சார்ஜ்னா அது தனி.”

“படிக்கட்டு லைட்டுகூட இப்பத்தான் வெளிச்சமா எரியுது,” என்றார் மூன்றாம் மாடிக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆசீரும் திருந்திட்டாருங்க. நானே கூப்பிட்டு வணக்கம் சொல்லிட்டேன்.”

செயலாளர் ஒரு கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். கடைக்கு எழுதியது. ‘தங்கள் பொறியாளர் செல்வி தேவதர்ஷினி தொடக்கத்தில் அனுபவக் குறைவால் செய்த பிழையை, எமது வழிகாட்டுதலின் பேரில் உணர்ந்து திருத்திக்கொண்டார். இவரையே எங்கள் கட்டடத்துக்குத் தொடர்ந்து அனுப்பி வைக்குமாறு…’

கவுண்ட்டரிலிருந்து தப்பியாயிற்று. ஆனால் அவள் காதில் பிழை என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. எது பிழை? யாருடைய வழிகாட்டுதல்? வேலை போனால் மயிரே போச்சு.

“சார், ஒரு நிமிஷம். அந்தப் பெட்டிக்குள்ள…”

“வந்துட்டியாடி கொழந்தே!” ஐந்தாம் மாடி செங்கமலம் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். கையில் துளசி, நெற்றியில் கோயில் குங்குமம். “மூணு மாசமா நான் கீழயே எறங்கலை தெரியுமோ? எண்பதுன்னு போட்டிருக்கே, நடுவுல நின்னுடுத்துன்னா அந்தரத்துல தொங்கணுமேன்னு பயம். நூறு வந்ததுலேர்ந்து தெனம் தாயாரைச் சேவிச்சுட்டு வரேன். இன்னிக்குக் கரண்டே இல்லை, அப்பவும் போயிட்டு வந்துட்டேன், பாரேன்!”

தேவதர்ஷினிக்கு உண்மை நாக்கு நுனியில் நின்றது. எண்பது என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மாமி நாளைக் காலை ஐந்தாம் மாடி ஜன்னலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியதுதான்.

“அந்தப் பெட்டிக்குள்ள என்னம்மா?” என்றார் செயலாளர்.

“தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க சார்,” என்றாள். “வேற ஒண்ணுமில்ல.”

“அவர் கெடக்கார், நீ வா. ஏறிப் பாரு, அப்பத்தான் உனக்கே தெரியும்,” என்று மாமி அவளை லிஃப்ட்டுக்குள் இழுத்தாள். சௌம்யநாராயணனும் ஏறிக்கொண்டார். கம்பிக் கதவு கிறீச்சிட்டு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. இருவரும் வெளியே பார்க்கவில்லை. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அதே மோட்டார். அதே வயர். அதே வேகம். ஒரு நொடிகூடக் கூடியிருக்க வழியில்லை. அது அவளுக்கு அட்சரசுத்தமாகத் தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம் முதல் மாடிக் கோலம் கீழே போயிற்று. இரண்டாம் மாடியின் பால் பாக்கெட் பை போயிற்று. மூன்றாம் மாடியில் யாரோ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் முழங்கால் வரைக்கும் தெரிந்து மறைந்தார். எங்கிருந்தோ காற்று வந்து அவள் நெற்றி முடியைக் கலைத்தது.

“எப்படிப் போறது?” என்றாள் மாமி.

தேவதர்ஷினி தன்னையறியாமல் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.