ஆறு நாற்பதுக்கு வந்த வள்ளம்

மாலை ஆறு நாற்பதுக்கு வீரசிங்கம் தன் வள்ளத்தில் நின்றபடி டோர்ச் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கி, குறுக்கே இரண்டு தரம் வீசினார். அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த வள்ளம் எண்பது பாகம், நூற்றைம்பது மீட்டர் அளவில், தள்ளி வேகத்தைக் குறைத்தது. முன்னால் அணியத்தில் யாரோ எழுந்து நின்று வெள்ளையாக எதையோ ஆட்டினார்கள். அவர் மூன்றாம் தரமும் வீசினார். அப்படி வீசினால் திரும்பிப் போ என்று அர்த்தம். தண்ணீரில் தொழில் செய்கிறவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வள்ளம் திரும்பவில்லை. முன்னுக்கு வரவும் இல்லை. எஞ்சினைத் தணித்து வைத்துக்கொண்டு நின்றது. தூறல் போட்டது. அவருக்குப் பின்னால் புது ஹோட்டலின் ஸ்பீக்கர்கள் பாடிக்கொண்டிருந்தன. வள்ளத்திலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரியும் இருந்தது, பாட்டுக்குள் வருகிற குரல் மாதிரியும் இருந்தது.

உப்புவெளிப் பக்கம், ஆறு கடலில் விழுகிற இடத்தில் அந்த ஹோட்டலைக் கட்டியிருந்தார்கள். தை மாதம் முதல் சனிக்கிழமை திறப்பு விழா. ஆற்றின் நடுவில் தெப்பம் கட்டி, அதிலிருந்து வாணம் விடுவதாக ஏற்பாடு. பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு மணிவரை ஆற்றுவாயில் எந்த வள்ளமும் ஓடக்கூடாது என்று ஒரு கிழமைக்கு முன்னமே அறிவித்தார்கள். தெப்பத்தைச் சுற்றி மிதப்புகள் போட்டு, ஒவ்வொன்றிலும் தடி நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். கடல் பக்கத்தை ஹோட்டல்காரரின் படகு பார்த்துக்கொள்ளும். அக்கரைப் பக்கத்தைப் பார்க்க ஊராள் ஒருவர் வேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். வீரசிங்கத்தைத்தான் எல்லோரும் காட்டினார்கள். அவர் சொன்னால் பொடியன்கள் நிற்பார்கள் என்று கூட்டத்துக்கு வந்த அதிகாரி சொன்னார். ஐம்பத்தாறு வயதில் தன்னைப் பற்றி அப்படி ஒருவர் சபையில் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. கொடுத்த ஆரஞ்சு நிற அங்கியை வீட்டில் ஒரு தரம் போட்டும் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் சாரங்கன், வீரசிங்கத்தின் தங்கை சிவக்கொழுந்தின் மகன். மழைக்கு மதகடி ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, ஓட்டோ போகாது, அக்கரையில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று கேட்டான். அவன் பொதுவாகக் கேட்டான். ஆனால் சிவக்கொழுந்துக்கு மாரி வந்தால் முட்டு இழுக்கும், மூச்சுவிட ஏலாமல் போகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதிகாரி வீரசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். வருத்தக்காரரை ஏற்றிவரும் வள்ளம் அணியத்தில் வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு வருவது அந்தக் கரையில் அவர்களின் அப்பாக்கள் காலத்திலிருந்து உள்ள வழக்கம். அதைக் கண்டால் வலை இழுக்கிறவனும் வலையை விட்டுவிட்டு வழிவிடுவான்.

"வெள்ளைத் துணியோட வந்தால் விடுவன்" என்றார் வீரசிங்கம். மருமகனுக்கு அல்ல, அதிகாரிக்குச் சொன்னார்.

அவரும் தங்கையும் கதைத்து ஆறு வருடம். அவளின் மகள் சுலோஜனா பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்ப்புக்கு நாள் வைத்தார்கள். தலைக்கு வார்க்க முன்னம் தேங்காய் உடைப்பது தாய்மாமனின் வேலை. அன்று விடிய வலை கல்லில் பிடித்து அவர் கரைக்கு வரப் பிந்திவிட்டது. ஈரச் சாரத்தை மாற்றி, வேட்டி கட்டி, ஆற்றைக் கடந்து போனபோது தேங்காய் உடைந்து கிடந்தது. மச்சானின் ஒன்றுவிட்ட தம்பி உடைத்திருந்தான். நேரம் தப்புது எண்டவங்கள் அண்ணை, என்று சிவக்கொழுந்து ஒழுங்கை முகப்புவரை ஓடிவந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ தரம் ஆள்விட்டாள். மச்சான் கட்டாருக்குப் போகும்போது வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வீரசிங்கம் கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, மழையைப் பற்றிக் கதைத்து அனுப்பினார். ஒரு தேங்காய்க்காகவா என்று மனைவி கமலேஸ்வரி கேட்டதற்கு, தேங்காய்க்காக இல்லை என்றார். எதற்காக என்று அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அன்று ஐந்து மணிக்கே அவர் வள்ளத்தை மிதப்புகளின் ஓரம் கட்டிவிட்டார். ஐந்தரைக்கு மூன்று பொடியன்கள் வாணம் பார்க்கவென்று உள்ளே வந்தார்கள். ஒருவன் மிதப்பிலிருந்த தடியைப் பிடுங்கி, வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு நின்றான். வீரசிங்கம் கிட்டப் போய்த் தடியைப் பறித்து நட்டார். "மாமா, உந்தச் சட்டையோட மாப்பிள்ளை மாதிரி இருக்கிறியள், ஒரு மாலைதான் குறை" என்றான் அவன். அவருக்கும் சிரிப்பு வந்தது. விசர்ப் பொடியங்களே, ஓடுங்கோடா என்று கலைத்தார். கொஞ்ச நேரத்தில் மீன் வியாபாரி ரிஷாத் ஐஸ் பெட்டியோடு வந்தான். அவனுக்கு அறிவித்தல் தெரியாது. அவர் அவனிடமும் கிட்டப் போய், விஷயத்தைச் சொல்லி, கரையோரமாகத் தடி ஊன்றிப் போகவிட்டார். ஆக இரண்டு வள்ளம் வந்தது, இரண்டுக்கும் அவர் கிட்டப் போனார்.

மூன்றாவதுதான் ஆறு நாற்பதுக்கு வந்தது. அது வெளிச்சமோ உருவமோ தெரியும் முன் சத்தமாக வந்தது. மூன்று அடி அடித்து நாலாவதை விழுங்குகிற எஞ்சின். அவரும் மச்சானும் சேர்ந்து எடுத்தது. ஒருமுறை உப்புத் தண்ணீர் ஏறி நின்றுபோனபோது, மாமரத்துக்குக் கீழே சாக்கு விரித்துக் கழற்றிப் பூட்டியது அவர்தான். அதற்குப் பிறகு ஓடியது, ஆனால் நாலாவதை விழுங்கத் தொடங்கிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தச் சத்தத்தைச் சொல்லுவன் என்று அப்போது கள்ளுத் தவறணையில் பந்தயம் பிடித்தவர். ஒருவரும் அவரோடு பந்தயத்துக்கு வரவில்லை.

வெள்ளை தெரிந்தது. பொடியன்கள் திரும்பவும் தடியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்தார். நினைத்ததுக்கு நியாயம் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கை கயிற்றில் இருந்தது. இழுத்தால் எஞ்சின் பிடிக்கும், எண்பது பாகம் ஒரு நிமிஷம். போனால் சாரங்கனின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், ஆறு வருடத்துக்குப் பிறகு முதற் சொல்லை அவர்தான் சொல்ல வேண்டிவரும். டோர்ச் லைட்டை நேரே அவர்களுடைய கண்ணுக்குப் பிடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்திருக்கும், பிடித்திருப்பவர் யாரென்று தெரிந்திராது. பிறகு நாலாம் தரம் வீசினார்.

வாணம் ஏழு மணிக்கு என்றுதான் சொல்லியிருந்தார்கள். மழை வலுக்கும் என்று பயந்து பத்து நிமிஷம் முந்தித் தொடங்கிவிட்டார்கள். முதல் வாணம் மேலே போய் வெடித்தபோது ஆறு முழுக்கப் பச்சையாக வெளித்தது. வள்ளம் அப்போது திரும்பிவிட்டது. அதில் மூன்று பேர். பின்னால் கடையாலில் ஒருவன். அணியத்தில் ஒருத்தி துணியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நடுவில் இருந்தவர் நிமிர்ந்திருக்கவில்லை. வெளிச்சம் அணைந்தது. வீரசிங்கம் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்ததும் ஹோட்டல் படகிலிருந்து, தெப்பத்தில வாணம் வெடிக்குது, அசையாதேங்கோ என்று ஒருவன் கத்தினான். நெருப்புப் பொறிகள் தண்ணீரில் சீறி விழுந்தன. அவர் அசையாமல் நின்றார். அடுத்தது சிவப்பு. அந்த வெளிச்சத்தில் வள்ளம் தெரியவில்லை. அக்கரைத் தாழைகளும் வெறும் தண்ணீரும் தெரிந்தன.

வாணம் முப்பது நிமிஷம் நடந்தது. கரையில் சனம் கைதட்டியது. அவர் இறங்கி வந்தபோது ஹோட்டல் வேலிக்கு வெளியே கமலேஸ்வரி நனைந்துபோய் நின்றாள். அவருடைய போன் அவள் கையில் இருந்தது. ஆற்றுக்குப் போகும்போது அவர் போன் கொண்டுபோவதில்லை. சுலோஜனா இரண்டு தரம் எடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு ஏலாது, வள்ளத்தில் கொண்டுவாறம், மாமாவை வழிவிடச் சொல்லுங்கோ என்று முதல் தரம். இரண்டாம் தரம் அழுகைதான். கமலேஸ்வரி ஓடிவந்தாள். வேலிக்குள் அழைப்பில்லாதவரை விடமாட்டோம் என்று காவல்காரன் மறித்துவிட்டான். இதையெல்லாம் அவள் மெதுவாகச் சொன்னாள். திட்டவில்லை. "அங்கியைக் கழட்டுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வள்ளம் திரும்பிய பிறகு சிவக்கொழுந்தை ஏற்றிக்கொண்டு போன ஓட்டோ மதகடியில் நின்றுபோனது. சாரங்கனும் சுலோஜனாவும் தொடையளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டு போகும்போதே சிவக்கொழுந்துக்கு மூச்சு நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று யாரோ கேட்டதற்கு, அதை இப்போது நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார் டொக்டர். வீரசிங்கத்திடம் அந்த அதிகாரி வந்து கேட்டார். இருட்டு, தூறல், பொடியன்கள் முன்னமே துணியைப் பிடுங்கி ஆட்டினவங்கள், அவங்கள்தான் எண்டு நினைச்சன் என்றார் வீரசிங்கம். அதில் பொய் இல்லை. சங்கத் தலைவர் கேட்டபோதும் அதையே சொன்னார். மூன்றாம் ஆளுக்குச் சொல்லும்போது சொற்கள் தாங்களாகவே வரிசையாக வந்தன. கேட்ட எல்லோரும், நீங்கள் என்ன செய்யிறது, விதி, என்றார்கள்.

அடுத்த நாள் காலை அவர் ஆற்றைக் கடந்தார். பெண்பிறப்பு ஒன்று செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அப்பா அம்மா இல்லை. அவர்தான் பிறந்த வீடு. கமலேஸ்வரி டவுனுக்குப் போய் மஞ்சள் கரை வைத்த சேலை ஒன்று எடுத்து வந்தாள். அது பொலித்தீன் பையில் அவள் மடியில் இருந்தது. தெப்பத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். மிதப்புகள் கிடந்தன. நனைந்த வெள்ளைத் துணிகள் தடிகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் கருகிய கடதாசித் துண்டுகள் மிதந்தன. அவர் எஞ்சினைப் போடவில்லை. தடியால் ஊன்றிப் போனார்.

அக்கரையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒழுங்கை முகப்பு அப்படியேதான் இருந்தது. வேலி மட்டும் தகரமாக மாறியிருந்தது. முற்றத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். சாரங்கன் ஒரு மூலையில் கட்டாருக்குப் போன் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனைக் கண்டான். கண்டதுபோல் காட்டவில்லை. சிவக்கொழுந்தின் தலை நரைத்திருந்தது. அவருக்கு அது தெரியாது. அவர் மனதில் இருந்தவள் ஒழுங்கையில் ஓடிவந்த கறுப்புத் தலைக்காரி.

சேலையைப் பிரிக்கக் கை வரவில்லை. சுலோஜனா எழும்பி வந்து மற்றத் தலைப்பைப் பிடித்தாள். பத்தொன்பது வயது. அவர் கடைசியாகப் பார்த்தபோது ஈரத் தலையோடு பலகையில் இருந்த பிள்ளை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காலிலிருந்து நெஞ்சுவரை விரித்தார்கள். பெண்கள் அழுதார்கள். அவள் அழவில்லை, சேலையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். அவர் பக்கத்திலேயே இருந்தார். போகலாமா இருக்கலாமா என்று தெரியவில்லை. இருட்டு, தூறல், பொடியன்கள் என்று அவர் மெல்லத் தொடங்கினார். அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருந்தது" என்றாள். "அம்மாதான் சொன்னவ, அண்ணை தானே நிக்கிறார், பயப்பிடாத, துணிகூடத் தேவையில்லை எண்டு."

வீரசிங்கம் சேலைத் தலைப்பைத் தங்கையின் கால் பக்கம் இழுத்துவிட்டார்.

சனத்தை ஏற்றி இறக்க அன்று காலையிலிருந்து ஆற்றில் வள்ளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று போக ஒன்று வந்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. பிறகு தூரத்தில் இன்னொன்று கிளம்பியது. சாரங்கனின் வள்ளத்தைப் பக்கத்து வீட்டு இராகுலன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். மழைக்கும் ஒப்பாரிக்கும் அப்பால் அது மெலிதாகத்தான் கேட்டது. மூன்று அடி, பிறகு ஒரு வெற்றிடம். மூன்று அடி, பிறகு ஒரு வெற்றிடம். அவர் தலை ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டது. கொட்டகைக்குள் வேறு ஒருவரும் திரும்பவில்லை. தான் திரும்பியது அவருக்குப் பிந்தித்தான் விளங்கியது. திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தபோது சுலோஜனாவின் கை சேலையில் நின்றுபோயிருந்தது. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா" என்றாள், வேறு ஒருவருக்கும் கேட்காமல். "நேற்றும் உங்களுக்கு இந்தச் சத்தம் கேட்டதெல்லோ?"